பார்த்தவர் பட்டியல்

தார்த்து நகரில் பிப்ரவரி.
பனியில் பதியும் காலடி என்று
இதைத் தொடங்கியிருக்கலாம்.
வேண்டாம். பனி உருகிவிடும்.

மர ஆலையின் கணக்கர் விர்வே
ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க
அடையாள அட்டையைச் செருகுகிறாள்.
நான்கு இலக்கம். அரசாங்கம் கதவு திறக்கிறது.
அந்த நாட்டில் ஒரு வழக்கம்:
உன் கோப்பை யார் திறந்தாலும்
திறந்தவர் பெயர் உனக்குத் தெரியும்.
எட்டிப் பார்ப்பவருக்கும் நிழல் விழும்படி
விளக்கை வைத்திருக்கிறார்கள்.

பல் மருத்துவர், நவம்பரில்.
வரி அலுவலகம். சரி.
நெடுஞ்சாலைக் காவலர், வண்டி எண்ணுக்காக,
பின்விளக்கு எரியாத அன்று.
பிறகு
ஜனவரி பதினான்கு, இரவு இரண்டு நாற்பத்தேழு,
பார்னு மருத்துவமனை, அவசரப் பிரிவு,
செவிலியர் லேலோ.

விர்வே பார்னுவில் ஒருநாளும் படுத்ததில்லை.
மறுநாளும் அதே பெயர். இருபத்தொன்பதாம் தேதியும்.
அப்புறம் இல்லை.

இருபத்தெட்டில்தான் முடிவு வந்தது:
இடது மார்பில் இருந்தது வெறும் நீர்க்கட்டி.
யாரிடமும் சொல்லவில்லை,
பக்கத்து மேசைக்காரியிடம்கூட.
அப்பாவின் வீட்டை விற்றுப் பணம் பிரித்ததிலிருந்து
ஏழு வருடம் பேச்சில்லாத தங்கைக்கு
யார் சொன்னது?

முதலில் மருத்துவரைச் சந்தேகித்தாள்.
பிறகு ஆய்வகத்தை.
பிறகு, போன பக்கமெல்லாம் துரத்திவந்த
பஞ்சு வைத்த உள்ளாடை விளம்பரத்தை.
அப்புறம்தான் உறைத்தது.

அப்பா படுத்திருந்தபோது
மாத்திரை வேளைகளைக் குறிக்க
இருவரும் திறந்த ஒரே கணக்கு.
அப்பா போனார். வீடு போனது.
கணக்கிலிருந்து மட்டும் எவரும் வெளியேறவில்லை.
ஜனவரி பதின்மூன்று, தூக்கம் பிடிக்காமல்
விர்வே தேடுபெட்டியில் தட்டியது
ஆறு, காடு, சதுப்பு எல்லாம் தாண்டி
லேலோவின் திரையில் போய் நின்றிருக்கிறது:
மார்பில் கட்டி வலிக்குமா
வலிக்காவிட்டால் மோசமா

அக்காவின் பதினோரு இலக்க எண்ணை
லேலோ எங்கும் குறித்துவைத்திருக்கத் தேவையில்லை.
ஆறு இலக்கம் பிறந்தநாள்.
மிச்சம், அப்பாவின் படிவங்களில்
அக்காவுக்காக அவளே நிரப்பி நிரப்பிக் கையில் ஊறியது.

பட்டியலின் ஓரத்தில் ஒரு பொத்தான்:
விளக்கம் கேள்.
அழுத்தினால் லேலோவின் வேலை போகும்.
காரணமின்றிக் கோப்பைத் திறப்பது குற்றம்,
அக்காவுடையதானாலும்.
விர்வேக்கு அதில் சந்தேகமே இல்லை.
பார்த்தாளே என்று கோபம்.
பார்த்தாளே என்று இன்னொன்று;
அதற்குப் பெயர் வைக்கவில்லை.
விரல் அங்கேயே நிற்கிறது, காபி ஆறும்வரை.

வானிலை சொல்லும் செயலிக்கு
அவள் எங்கே தூங்குகிறாள் என்று தெரியும்.
கடை அட்டைக்கு,
எந்த வாரத்திலிருந்து ஒரு புட்டி இரண்டானது என்று.
கைவிளக்குச் செயலி தொடர்பு எண்களைக் கேட்டது,
கொடுத்தாள். இருட்டில் யார் வாதாடுவார்?
அவர்களிடம் இப்படியொரு பட்டியல் கிடையாது.
தங்கையாவது
சொந்தப் பெயரில் திருடினாள்.

பொத்தானை விட்டு நகர்ந்து
அதே பழைய கணக்கில், தேடுபெட்டியில்
நிதானமாகத் தட்டினாள்:
பார்னு சனிக்கிழமை முதல் பேருந்து
சீட்டு வாங்கவில்லை.

மாலைக்குள்
கடற்கரை விடுதிகள் வரிசைகட்டின,
சேற்றுக் குளியல், இருவராக வந்தால் தள்ளுபடி.
தங்கைக்குப் போட்ட கடிதத்தை
முதலில் பிரித்துப் படித்தவன் விளம்பரக்காரன்.

ஒன்பது மணிக்கு
பெட்டியில் விரல் வைத்ததும்
அவள் தட்டாத வரி ஒன்று கீழே இறங்கியது:
சனிக்கிழமை இரவுப்பணியை மாற்றிக் கேட்பது எப்படி

இரண்டு முறை படித்தாள்.
கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், கட்டாயம்.
ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம்.